கருவி மாறும், படைப்பு நிலைக்குமா? இலண்டன் தமிழ்க் கலைஞர்களும் கணினி யுகமும்

கடந்த கோடை விடுமுறையில் எமது ஊர்ச் சங்கத்தின் களஞ்சிய அறையைத் துப்புரவு செய்தபோது ஒரு சப்பாத்துப் பெட்டி அகப்பட்டது. அதற்குள் பதினேழு ஃபுளொப்பித் தட்டுகள் இருந்தன. "மலர் 1996", "கவிதைகள் – திருத்தியது", "இறுதிப் பிரதி" என்று ஒவ்வொன்றிலும் நீல மையால் எழுதி ஒட்டியிருந்தது. அந்த மலரைத் தயாரித்த நாட்கள் எம்மில் பலருக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. வேலை முடித்து வந்தவர்கள் ஒருவருடைய வீட்டு வரவேற்பறையில் இருந்த ஒரேயொரு கணினியைச் சுற்றி அமர்ந்து, விடியும்வரை பக்கம் அமைத்த நாட்கள் அவை.

ஃபுளொப்பி வாசிக்கும் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கிப் பொருத்தினோம். ஆறு தட்டுகள் திறக்கவே இல்லை. திறந்த பதினொன்றிலும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்த குவியல்தான் தெரிந்தது. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தோம் என்பதை எவரும் குறித்து வைக்கவில்லை. அதே அறையில், ஈரம் பட்டு ஓரம் கறுத்த நிலையில், அச்சிட்ட மலரின் இரண்டு பிரதிகளும் கிடந்தன. அவற்றை எடுத்து விரித்தவுடன் வாசிக்க முடிந்தது.

புதிய கருவிகளைக் கையில் எடுப்பதில் எமது கலைஞர்கள் பின்நின்றதில்லை. அந்தக் கருவி பழையதாகும்போது படைப்பும் சேர்ந்து போய்விடாமல் பார்ப்பதில்தான் நாம் பலமுறை தவறியிருக்கிறோம். செயற்கை நுண்ணறிவு எல்லோருடைய கைத்தொலைபேசிக்குள்ளும் வந்துவிட்ட இந்த வேளையில், கடந்த நாற்பது ஆண்டுகளில் எமது எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள், நடன ஆசிரியர்கள், ஒளிப்படக்காரர்கள் கண்ட மாற்றங்களைத் தொகுத்துப் பார்ப்பதும், இனிக் கவனிக்கவேண்டியவற்றைச் சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈய எழுத்திலிருந்து பாமினிக்கு

1849 இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சு இயந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துக்கு அதுவே புதிய தொழில்நுட்பம். பிற்காலத்தில் சுன்னாகம் திருமகள் அழுத்தகம் போன்ற அச்சகங்கள் எமது பாடநூல்களையும் பஞ்சாங்கங்களையும் இலக்கிய நூல்களையும் தந்தன. அச்சுக்கோப்பாளர்கள் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையில் அடுக்கிய தொழில் அது.

1983 இற்குப் பின்னர் இலண்டனுக்கு வந்த எமக்கு ஈய எழுத்தும் இல்லை, அழுத்தகமும் இல்லை. சங்கங்களின் முதல் செய்தி மடல்கள் கையெழுத்திலும் தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் உருவாகி, ஒளிநகல் இயந்திரத்தில் பெருகின. கணினி வந்தபோது அதைப் பற்றிக்கொள்ள நாம் தயங்காததற்கு இந்த வறுமையும் ஒரு காரணம்.

கணினியில் தமிழ் பல நாடுகளில் பலருடைய கைகளால் வளர்ந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிற்சர்லாந்தின் லொசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். ஈழத்தமிழர்களிடையே மிகவும் பரவியது பாமினி. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை ஒழுங்கை அது ஒட்டியிருந்ததால், ஊரில் தட்டச்சு பழகியவர்கள் புதிதாக எதையும் கற்காமலே கணினிக்கு மாற முடிந்தது. பத்திரிகை, திருமண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு, கோவில் துண்டுப்பிரசுரம் என எல்லாமே பாமினியில் வந்தன.

இந்த எழுத்துருக்கள் செய்த தந்திரம் எளிமையானது. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தன. கணினியைப் பொறுத்தவரை நாம் தட்டச்சு செய்தது ஆங்கிலமே. எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரிந்தது. எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பை அனுப்பினால், எமது ஃபுளொப்பியில் தெரிந்த அதே குவியல்தான் அங்கும் தெரியும்.

இதற்கான தீர்வு ஒருங்குறி. உலகின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் இம்முறையின் முதற் பதிப்பு 1991 இல் வெளியானபோதே தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும் வின்டோஸ் 2000 வந்து, அதனுடன் லதா எழுத்துருவும் கிடைத்த பின்னரே சாதாரணக் கணினியில் ஒருங்குறித் தமிழ் பரவத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் தகுதரம் என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். தமிழக அரசு 1999 இல் தாப், தாம் என்று இரண்டை அறிவித்தது. ஈழத்தவர்கள் பாமினியை விடவில்லை. ஒரே மொழியில் எழுதியவர்கள் ஒருவர் கோப்பை மற்றவர் திறக்க முடியாமல் நின்ற காலம் அது.

ஒருங்குறி வந்த பின்னரும் வடிவமைப்பாளர்கள் உடனே மாறவில்லை. அவர்களைக் குறைசொல்ல முடியாது. பக்க வடிவமைப்பு மென்பொருட்கள் ஒருங்குறித் தமிழை ஒழுங்காகக் கோக்க நீண்டகாலம் எடுத்தன. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலும் போய் நின்றன. நாளை காலை அச்சகத்துக்குப் போகவேண்டிய மலரை வைத்துக்கொண்டு எவரும் பரிசோதனை செய்யமாட்டார். ஆகவே இணையத்துக்கு ஒருங்குறி, அச்சுக்குப் பாமினி என்று இரண்டு வழியிலும் வேலை செய்யப் பழகினார்கள். பலர் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எரிந்த நூலகமும் எரியாத பிரதியும்

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றுள் இருந்தன. எமது சமூகம் கணினியைக் கண்டபோது அதில் ஒரு காப்பகத்தையும் சேர்த்துக் கண்டதற்கு அந்த இரவே காரணம் என்று சொல்லலாம்.

1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். 2005 இல் ஈழத்து நூல்களுக்கென நூலகம் திட்டம் உருவானது. இன்று பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும், தாத்தா ஆசிரியராக இருந்த சஞ்சிகையைத் தேடும் பேரப்பிள்ளையும் அங்கேதான் போகிறார்கள்.

இலண்டனில் இதற்கு இணையாக இரண்டு பணிகள் நடந்தன. பத்மநாப ஐயர் தொகுத்து, நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கம் வெளியிட்ட "கிழக்கும் மேற்கும்" (1997), "இன்னுமொரு காலடி" (1998), "யுகம் மாறும்" (1999), "கண்ணில் தெரியுது வானம்" (2001) ஆகிய தொகுப்புகள் தாயகத்திலும் புலத்திலும் எழுதியவர்களை ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தன. என். செல்வராஜா 2002 முதல் "நூல்தேட்டம்" என்ற பெயரில் ஈழத்தவர் நூல்களுக்கான விபரப்பட்டியலைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருகிறார். ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல்கள். எந்த நூல் எப்போது வந்தது என்று தெரிந்தால்தான் அதைத் தேடிப் பிடித்து வருடி இணையத்தில் ஏற்ற முடியும். பட்டியல் இடுபவரும் இந்தத் தொழில்நுட்ப மாற்றத்தின் ஒரு பங்காளரே.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். நூலை வருடி ஏற்றினால் கிடைப்பது பக்கத்தின் படம். அதில் சொல்லைத் தேட முடியாது. எழுத்தாக மாற்றினால்தான் தேடவும், பெரிதாக்கி வாசிக்கவும், பார்வையற்றோர் கணினியின் குரலில் கேட்கவும் முடியும். ஆகவே இன்று நூல் வெளியிடுவோர் அச்சகத்துக்கு அனுப்பும் கோப்புடன் ஒருங்குறிப் பிரதி ஒன்றையும் வைத்திருந்தால், நாளைய தன்னார்வலரின் பல மாத உழைப்பு மிஞ்சும்.

இணையத்தில் ஏற்றியது எரியாது என்ற நம்பிக்கையும் முழு உண்மையல்ல. தொடக்ககாலத் தமிழ் இணையப் பக்கங்கள் பலவற்றுக்கு இடம் கொடுத்த ஜியோசிற்றீஸ் 2009 இல் மூடப்பட்டது. 2023 ஒக்ரோபரில் பிரித்தானிய நூலகமே இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் நூற்பட்டியல் மாதக்கணக்கில் இயங்காமல் கிடந்தது. பிரதி ஓரிடத்தில் மட்டும் இருந்தால், அந்த இடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஆபத்துத்தான்.

ஒலிநாடாவும் ஓசைப்பெட்டியும்

எமது வீடுகளில் இசை முதலில் ஒலிநாடாவில் வந்தது. ரூட்டிங், ஈஸ்ட்ஹாம், வெம்பிளிக் கடைகளில் மளிகைச் சாமான்களுக்கு நடுவே நாடாக்கள் அடுக்கியிருந்தன. 1997 இல் ஐ.பி.சி. தமிழ் வானொலி இலண்டனில் தொடங்கியதும், அறிவிப்பாளர், நாடக நடிகர், ஒலிப்பதிவாளர் என்ற தொழில்கள் எமக்குள் பிறந்தன. ஊரில் மேடையில் நடித்தவர்கள் ஒலிவாங்கிக்கு முன்னால் நடிக்கப் பழகினார்கள். கை, கால், முகம் எதுவுமின்றிக் குரலால் மட்டும் நடிக்கவேண்டியிருந்தது. அந்தக் காலத்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்த நாடாக்கள் உங்கள் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். காந்த நாடா ஆண்டுக்காண்டு தேயும் பொருள். இன்னும் காலம் கடத்தினால் வாசிக்க முடியாமல் போகும்.

புதிய கருவியைக் கொண்டு உலகத்தின் கவனத்தை ஈர்த்த இலண்டன் தமிழர் என்றால் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தின் பெயரே முதலில் வரும். 1975 இல் இலண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் சென்று, போரால் அகதியாகி மீண்டும் இலண்டன் வந்தவர் அவர். சென்ற்றல் சென் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படம் பயின்றவர். இசைக்கல்லூரி வாசலை மிதிக்காதவர். ரோலண்ட் எம்.சி.505 என்ற, மேசையில் வைத்துத் தாளமும் ஓசையும் கோக்கும் ஒரு பெட்டியில்தான் முதற் பாடல்களை அமைத்தார். தந்தையின் பெயரைத் தழுவிய "அருளர்" 2005 இல் வெளியாகி, அவ்வாண்டு மேர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. தாயின் பெயரில் 2007 இல் வந்த "கலா" தொகுப்புக்காகச் சென்னைக்குச் சென்று உருமி மேளத்தைப் பதிவு செய்தார். விலையுயர்ந்த கலையகமும் முறையான பயிற்சியும் இல்லாத ஓர் அகதிப் பிள்ளைக்கு அந்தப் பெட்டி கதவைத் திறந்தது.

அதே தொகுப்பில் உள்ள "பேப்பர் பிளேன்ஸ்" பாடலில் தி கிளாஷ் குழுவின் 1982 ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் ஓசை பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அதற்காக அக்குழுவினர் பாடலின் இணை ஆக்குநர்களாகப் பெயர் பெற்றார்கள். பிறருடைய ஓசையை வெட்டி எடுத்துப் புதிதாக ஒன்றைச் செய்வது கணினியில் ஒரு நிமிட வேலை. பெயரும் பங்கும் கொடுப்பதே அதைத் தொழிலாக்குகிறது.

அன்றைய இளம் இசைக்கலைஞர்கள் பாடல்களை ஏற்றிய இடம் மைஸ்பேஸ். 2015 இற்கு முன்னர் அங்கு ஏற்றப்பட்ட இசைக் கோப்புகள் சேவையக மாற்றத்தின்போது அழிந்துவிட்டன என்ற செய்தி 2019 இல் வெளியானது. ஐந்து கோடிப் பாடல்கள் வரை போயிருக்கலாம் என்று அப்போது எழுதினார்கள். இலண்டன் தமிழ் இளைஞர்களின் முதல் முயற்சிகளும் அவற்றுள் இருந்திருக்கும். இன்று யூரியூப்பை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

மிருதங்கமும் மில்லிசெக்கனும்

2020 மார்ச் 23 இல் பிரித்தானியா முடக்கப்பட்டபோது, சனி ஞாயிறுகளில் பாடசாலை மண்டபங்களில் நடந்த எமது நடன, இசை வகுப்புகள் ஒரே வாரத்தில் சூம் திரைக்கு மாறின. கணினியைத் தொட்டறியாத ஆசிரியர்கள் கூட மாணவரின் உதவியோடு பழகிக்கொண்டார்கள்.

அப்போதுதான் இசைக்கும் இணையத்துக்கும் உள்ள அடிப்படைப் பிணக்கு எமக்குப் புரிந்தது. காற்றில் ஒலி ஒரு மீற்றர் செல்ல ஏறத்தாழ மூன்று மில்லிசெக்கன் எடுக்கும். மேடையில் ஐந்து மீற்றர் தள்ளி இருக்கும் மிருதங்கக்காரர் பதினைந்து மில்லிசெக்கன் தாமதத்தில் கேட்கிறார், அது தாளத்தைக் குழப்பாது. முப்பதைத் தாண்டினால் இருவரும் ஒருவரையொருவர் காத்திருந்து காலம் இழுபடத் தொடங்கும். வீட்டு இணையத்தின் வழியே காணொளி அழைப்பில் நூறு மில்லிசெக்கனுக்கு மேல் போவது சாதாரணம். ஆகவே ஆசிரியர் பாட, மாணவர்கள் ஒரே நேரத்தில் தாளம் போடுவது முடியாத காரியம்.

இன்னொரு சிக்கல் தம்புராவால் வந்தது. காணொளி மென்பொருட்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. இடைவிடாது ஒலிக்கும் சுருதியை மின்விசிறியின் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுகின்றன. மூல ஒலியை அப்படியே அனுப்பும் தெரிவு அமைப்புகளுக்குள் இருக்கிறது என்பதை ஆசிரியர்கள் ஒருவர் மூலம் ஒருவர் அறிந்துகொண்டார்கள்.

பின்னர் வழிகளும் பிறந்தன. ஆசிரியர் நட்டுவாங்கத்தைப் பதிவு செய்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். மாணவர் அதை வீட்டில் ஒலிக்கவிட்டு ஆடி, காணொளியைத் திருப்பி அனுப்புவார். பாடகர் ஹரோவில், வயலின் குறொய்டனில், மிருதங்கம் யாழ்ப்பாணத்தில் என்று தனித்தனியே பதிவு செய்து, ஒருவர் கணினியில் சேர்த்து ஒரு கீர்த்தனை ஆக்குவது வழக்கமாயிற்று. இந்த வேலையால் ஒலிக்கலவை பழகிய இளையவர்கள் பலர் இன்று அதைப் பகுதிநேரத் தொழிலாகச் செய்கிறார்கள். மண்டபங்கள் திறந்த பின்னர் வகுப்புகள் மீண்டும் நேரில் நடக்கின்றன. அரைமண்டி போதிய அளவு தாழ்ந்திருக்கிறதா, முதுகு நிமிர்ந்திருக்கிறதா என்பதைத் திரையில் சரியாகப் பார்க்க முடியாது என்பது ஆசிரியர்களின் முடிவு. ஆனால் அரங்கேற்றத்தை ஊரில் இருக்கும் அம்மம்மா நேரலையில் பார்ப்பது நிலைத்துவிட்டது.

நேரலையில் உரிமைச் சிக்கலும் உண்டு. தியாகராஜர் 1847 இல் மறைந்தவர், அவருடைய கீர்த்தனை எல்லோருக்கும் பொது. பாபநாசம் சிவன் 1973 இல் மறைந்தவர், அவருடைய பாடல்கள் இன்னும் பதிப்புரிமைக்குள் இருக்கின்றன. இது தெரியாமல் காணொளி நீக்கப்பட்ட பின்னர் கவலைப்படுவோர் பலர்.

இறந்தவர் பாடும் பாடல்

2024 தை மாதத்தில் "லால் சலாம்" படத்தின் "திமிரி எழுடா" பாடல் வெளியானபோது தமிழுலகம் திகைத்தது. பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இரு மறைந்த பாடகர்களின் குரலைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஏ.ஆர். ரஹ்மான் அதில் ஒலிக்கச் செய்திருந்தார். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று அவர்களுக்குரிய ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். அதே ஆண்டு "கோட்" படத்தில், அவ்வாண்டு தையில் மறைந்த பவதாரிணியின் குரல் இவ்வாறே பயன்பட்டது. அங்கே இசையமைத்தவர் அவருடைய சகோதரர் யுவன் சங்கர் ராஜா.

இவ்விரண்டிலும் கேட்டுச் செய்தவர்கள் இருந்தார்கள். கேளாமல் செய்பவர்களைப் பற்றித்தான் எமது கவலை. ஓர் அறிவிப்பாளரின் குரலை ஒரு சில நிமிடப் பதிவிலிருந்து உருவாக்கும் மென்பொருட்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. பிரித்தானியச் சட்டத்தில் ஒருவருடைய குரலுக்கோ முகத்துக்கோ எனத் தனியான உரிமை இல்லை. கலைஞர் தன்னைக் காப்பதற்குப் பெரும்பாலும் ஒப்பந்தத்தையே நம்பவேண்டியிருக்கிறது.

பதிப்புரிமை பற்றிய விவாதமும் இந்த நாட்டில் சூடாக நடக்கிறது. 2024 டிசம்பரில் அரசாங்கம் ஒரு கலந்தாய்வைத் தொடங்கியது. உரிமையாளர் மறுத்து அறிவிக்காவிட்டால் அவருடைய படைப்பைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றலாம் என்பதே அரசாங்கம் அப்போது விரும்பிய வழி. அதை எதிர்த்து 2025 பெப்ரவரி 25 இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் பாட்டில்லாத ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். ஆளில்லாத கலையகங்களின் மௌனம் மட்டுமே அதில் பதிவாகியிருந்தது. கேற் புஷ், அனி லெனொக்ஸ் போன்றோர் அதில் சேர்ந்திருந்தனர். 2025 ஜூனில் நிறைவேறிய தரவுச் சட்டம் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. அரசாங்கம் ஒன்பது மாதங்களுக்குள் அறிக்கை வெளியிடவேண்டும் என்று மட்டும் பணித்தது. 2025 நவம்பர் 4 இல் கெற்றி இமேஜஸ் நிறுவனம் ஸ்ரபிலிற்றி ஏஐ மீது தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படங்களின் பிரதியை அந்த மென்பொருள் தன்னுள் சேமித்து வைத்திருக்கவில்லை என்பதால் பதிப்புரிமை வாதம் தோற்றது. பயிற்சி இந்த நாட்டில் நடந்ததாக நிறுவ முடியாததால், அதுபற்றிய வாதத்தைக் கெற்றி வழக்கின் நடுவே கைவிட்டிருந்தது. ஆகவே அடிப்படைக் கேள்விக்கு இன்னும் நேரடியான விடை இல்லை.

எமக்குத் தனியான கவலை ஒன்றும் உண்டு. கணினி தமிழை எழுதிவைக்கும் முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைற் பிடிக்கும். "தமிழ்" என்ற சொல்லுக்குப் பதினைந்து பைற், அதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து. இணையத்தில் தமிழ் குறைவு, அதற்குள் ஈழத்தமிழ் அதனினும் குறைவு. யாழ்ப்பாணத்து வழக்கில் ஒரு நாடகக் காட்சி எழுதித் தரக் கேட்டால், சென்னைத் திரைப்பட வழக்கில் பதில் வருவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அதை அப்படியே மேடையேற்றினால் "கதைக்கிறது" போய்ப் "பேசுறது" வந்துவிடும். கோவில் சுவரொட்டிகளில் செயற்கையாக உருவாக்கிய படங்களில் எழுத்துகள் கை கால் முறிந்து நிற்பதையும் பார்க்கிறோம். இவற்றைத் திருத்தக்கூடியவர் மொழி தெரிந்த மனிதர். அவருக்குக் கூலி கொடுப்பது செலவல்ல.

கலைஞர்களும் குடும்பங்களும் கவனிக்கவேண்டியவை

1988 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே இங்கு அடிப்படை. எங்கும் பதிவு செய்யாமலே, படைத்த கணத்தில் உரிமை பிறக்கிறது. எழுத்து, இசை, ஓவியம் ஆகியவற்றுக்கு அது படைத்தவர் மறைந்து எழுபது ஆண்டுகள் வரை நீடிக்கும். அன்றாடம் எழும் கேள்விகள் சிலவற்றுக்கான பதில்களை இங்கே தருகிறோம். பெரிய தொகை சம்பந்தப்பட்டால் சட்டத்தரணியின் ஆலோசனையைப் பெறுங்கள்.

1. கூலிக்குச் செய்த வேலை: சம்பளத்துக்கு வேலை செய்பவர் கடமையாகப் படைப்பதன் உரிமை பொதுவாக முதலாளிக்குரியது. சுயமாகத் தொழில் செய்பவர் படைத்தது அவருக்கே உரியது. அவர் கையொப்பமிட்ட எழுத்து மூலமே அது கைமாறும். வாய்ச்சொல் போதாது.

2. திருமணப் படங்கள்: பதிப்புரிமை ஒளிப்படக்காரருக்குரியது. எனினும் குடும்பத் தேவைக்காக எடுப்பித்த படங்களை உங்கள் சம்மதமின்றிப் பொதுவில் வெளியிடாதிருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

3. அரங்கேற்றப் பதிவுகள்: மேடையில் பாடுபவரையும் வாசிப்பவரையும் அவர்களுடைய சம்மதமின்றி வணிக நோக்கில் பதிவு செய்ய முடியாது. பக்கவாத்தியக் கலைஞர்களுக்குச் சன்மானம் பேசும்போதே, காணொளியை இணையத்தில் ஏற்றலாமா என்பதையும் கேளுங்கள்.

4. குரலும் முகமும்: வானொலி, குறும்படம், விளம்பரம் எதற்காகக் குரல் கொடுத்தாலும், இந்தப் பதிவைச் செயற்கைக் குரல் உருவாக்கப் பயன்படுத்தக்கூடாது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள். அனுமதிப்பதானால் எந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு, என்ன ஊதியம் என்பதைக் குறிப்பிடுங்கள். உங்கள் மறைவுக்குப் பின்னர் யார் தீர்மானிப்பது என்பதையும் குடும்பத்தாருக்குச் சொல்லிவையுங்கள்.

5. நூல் வெளியீடு: பிரித்தானியாவில் வெளியிடும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியையும் ஒரு மாதத்துக்குள் பிரித்தானிய நூலகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். தமிழ் நூலுக்கும் இது பொருந்தும். எமது வெளியீட்டாளர்கள் பலர் இதைக் கடமையாகக்கூட அறியவில்லை. உண்மையில் இது செலவின்றிக் கிடைக்கும் ஒரு பாதுகாப்பு. பொது நூலகங்களில் இரவல் போகும் நூல்களுக்கு எழுத்தாளர் சிறு தொகை பெறும் திட்டமும் உண்டு. அதற்குப் பதிவு செய்திருக்கவேண்டும்.

6. கோப்புகளைப் பேணுதல்: ஒருங்குறியில் ஒரு பிரதி, அச்சுக்குப் போன வடிவில் ஒரு பிரதி, தாளில் ஒரு பிரதி என மூன்றையும் மூன்று இடங்களில் வையுங்கள். எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே போடுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

சப்பாத்துப் பெட்டியின் மீதிக் கதை

அந்தத் தட்டுகளை நாம் எறியவில்லை. சங்கத்தின் இளைய உறுப்பினர் ஒருவர் இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளை ஒவ்வொன்றாகப் பரீட்சித்தார். திறந்த பதினொன்றில் எட்டு பாமினியில் இருந்தன. சரியான மாற்றி கிடைத்ததும் ஒரு நொடியில் குவியல் தமிழாயிற்று. மூன்று தட்டுகளின் எழுத்துரு எது என்று இன்றுவரை தெரியவில்லை.

"கவிதைகள் – திருத்தியது" என்ற தட்டில், அச்சிட்ட மலரில் பன்னிரண்டு வரியாக வந்த ஒரு கவிதை இருபத்தெட்டு வரியில் முழுமையாக இருந்தது. இடம் போதாமல் அன்று வெட்டியிருக்கிறோம். எழுதியவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அச்சிட்டு அவருடைய மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதை வாசித்துவிட்டு, மற்ற மூன்று தட்டுகளிலும் இவருடையது ஏதும் இருக்குமோ என்று கேட்டார். எமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்றையும் இன்னும் வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். அடுத்த சனிக்கிழமை அதை இறக்கித் திறந்து பாருங்கள். அந்த எழுத்துருவின் பெயர் தெரிந்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள்.